உங்களுக்குத் தெரியுமா? வெளிநாட்டு ஏஜென்ட் கமிஷனுக்கு டிடிஎஸ் உண்டா?

குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர் வட்டாரத் தோல் பொருள்கள் ஐரோப்பியக் கடைகளை எட்டுவதில் அங்குள்ள ஏஜென்ட்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சாம்பிள் ஷூவைக் கடை கடையாகக் காட்டி ஆர்டர் பிடிப்பார்கள், அதற்குக் கமிஷன்.

‘இது தொழில்நுட்பச் சேவைக் கட்டணம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 195ஆம் பிரிவுப்படி டிடிஎஸ் பிடிக்கவில்லை. செலவாக ஏற்க முடியாது’ என்றது வருமான வரித்துறை. ஏற்காவிட்டால் கொடுத்த கமிஷனும் லாபக் கணக்கில் சேரும். கையில் இல்லாத பணத்துக்கு வரி கட்ட வேண்டும். சிறிய யூனிட்டுகள் இதைத் தாங்காது.

ஃபைஸான் ஷூஸ் என்ற தோல் பொருள் ஏற்றுமதி நிறுவனத்தின் வழக்கில், 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் துறையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆர்டர் பிடித்துத் தருவது தொழில்நுட்பச் சேவை ஆகாது என்றது. நியாயமான தீர்ப்பு; ஏஜென்ட் அலைந்ததும் உழைத்ததும் வெளிநாட்டில்தானே! புகையிலை ஏற்றுமதி தொடர்பான டோஷோகு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980இலேயே, வெளிநாட்டில் செய்த வேலைக்கான கமிஷனுக்கு இங்கே வரி இல்லை என்று சொல்லியிருந்தது.

ஏஜென்ட்டுக்கு இந்தியாவில் அலுவலகம் இருந்தாலோ, டிசைன், தரப் பரிசோதனை வேலைகளையும் அவரே செய்தாலோ நிலைமை மாறலாம். ஆகவே அவருடைய வேலை என்ன என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி, பணம் அனுப்புமுன் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.