12 பேர் என்று எண்ணியது யார்?

2023 மார்ச் முதல் வாரத்தில் பீகார் முழுக்க ஒரு சேதி ஓடியது. தமிழ்நாட்டில் இந்தி பேசியதற்காக 12 பீகார் தொழிலாளர்களைத் தூக்கில் போட்டுவிட்டார்கள் என்பது சேதி. அதை ட்விட்டரில் எழுதியவர் பிரசாந்த் உம்ராவ். வழக்கறிஞர், உத்தரப் பிரதேச பா.ஜ.க.வின் செய்தித் தொடர்பாளர். கூடவே ஸ்டாலினும் தேஜஸ்வி யாதவும் சேர்ந்திருக்கும் படத்தையும் போட்டிருந்தார். அப்படி ஒருவர்கூடச் சாகவில்லை. தூத்துக்குடி மத்திய காவல் நிலையத்தில் அவர்மீது வழக்குப் பதிவானது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. ஆனால் சாகாதவர்களை 12 பேர் என்று யார் எண்ணிச் சொன்னது?

பத்தமடையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சிறிய கடை. ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஊருக்குப் பணம் போடுவது. பின்கட்டில் உம்மா இன்னும் பாய் நெய்கிறாள். டைல்ஸ் ஒட்டும் பையன்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், புரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவர்கள் என்று பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாப் பிள்ளைகள் சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவார்கள். வாங்கிய கூலியில் சாப்பாட்டுக்கு எடுத்துவைத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே ஊருக்கு அனுப்புவார்கள். அதனால் டெல்லியிலும் பாட்னாவிலும் நடந்த சண்டையை நான் பேப்பரில் படிக்குமுன் அவர்கள் முகத்தில் பார்த்துவிட்டேன்.

மதுபனி மாவட்டத்துப் பையன் ஒருவன், டைல்ஸ் வேலை பார்க்கிறவன், போனை நீட்டினான். "அக்கா, அம்மா அழுது. திரும்பி வா சொல்லுது" என்றான். உள்ளேயிருந்து உம்மா, "என்னளா, அந்தப் பிள்ளைக்கு என்னவாம்?" என்று கேட்டாள். நான் வீடியோவை ஓடவிட்டேன். நடுரோட்டில் ஒருவனைப் போட்டு அடிக்கிறார்கள். மேலே சிவப்பில் இந்தி எழுத்து. ஓர் இடத்தில் பின்னால் கடைப் பலகை ஒன்று வந்து போனது. அங்கே நிறுத்தி, இரண்டு விரலால் விரித்து அவனிடமே காட்டினேன். பலகையில் இருந்தது இந்தி. அவனே வாசித்தான். தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் கடைக்கு இந்தியில் மட்டும் பலகை மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்டேன். புரிந்தது அவனுக்கு. ஆனால் அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது? அந்த அம்மா இருக்கும் ஊரில் எல்லாக் கடையிலும் இந்திப் பலகைதான்.

அப்போது சுற்றிய காட்சிகளில் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் ஒரு வழக்கறிஞரைக் கொன்றது என்று, உண்மை சரிபார்க்கும் தளமான ஆல்ட் நியூஸ் கண்டுபிடித்துச் சொன்னது. காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு மார்ச் 2 அன்று வீடியோவில் தோன்றி, பரவும் இரண்டு காட்சிகளைப் பற்றி விளக்கினார். ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, மற்றொன்று கோயம்புத்தூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. மார்ச் 8 ஹோலி. வருஷா வருஷம் அந்த வாரம் வடக்கே போகும் ரயில்களில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தைப் படம் எடுத்து, உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று போட்டார்கள். பண்டிகைக்குப் போகிறவர்கள் அகதிகளாகக் காட்டப்பட்டார்கள்.

இதற்குப் பின்னால் யார் என்ற சண்டை உடனே தொடங்கியது. மார்ச் 1 அன்று சென்னையில் ஸ்டாலினின் 70வது பிறந்தநாள் கூட்டம். கார்கே, அகிலேஷ் யாதவ், பரூக் அப்துல்லா, அப்போது பீகாரின் துணை முதல்வராக இருந்த தேஜஸ்வி எல்லோரும் ஒரே மேடையில். 2022 ஆகஸ்டில்தான் நிதிஷ் குமார் பா.ஜ.க.வை விட்டுவிட்டு தேஜஸ்வி கட்சியோடு சேர்ந்திருந்தார். நம் ஆட்கள் அங்கே சாகிறார்கள், துணை முதல்வர் அங்கே விருந்துக்குப் போயிருக்கிறார் என்று பீகார் சட்டமன்றத்தில் பா.ஜ.க. அமளி செய்தது. செய்தித்தாளில் பார்த்து அறிந்ததாக நிதிஷும் எழுதினார். முதலமைச்சரே பேப்பரில் பார்த்தேன் என்று சொன்ன பிறகு மதுபனி அம்மா நம்பாமல் என்ன செய்வாள்?

ஸ்டாலின், எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர வேண்டும் என்று தான் பேசிய மறுநாளே இது கிளம்பியது, வடமாநில பா.ஜ.க.வினர்தான் உள்நோக்கத்தோடு பரப்பினார்கள் என்றார். அப்போதைய தமிழக பா.ஜ.க. தலைவர் அண்ணாமலையோ, பரவுவது பொய்தான், ஆனால் வடஇந்தியர்கள்மேல் வெறுப்பை வளர்த்தது தி.மு.க.வினர் பேச்சு என்றார். அவர்மேல் வழக்குப் போட்டார்கள். முடிந்தால் 24 மணி நேரத்தில் கைது செய்யுங்கள் என்றார் அவர். பீகார் அரசியல்வாதி சிராக் பாஸ்வான் சென்னைக்கு வந்து ஆளுநரிடம் மனு கொடுத்தார். பிரசாந்த் கிஷோர் சீமானின் பேச்சு ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொருவர் விரலும் ஒவ்வொரு பக்கம்.

இத்தனை சத்தத்திலும் உருப்படியாக நடந்தவை இரண்டு. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு, பாலமுருகன் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி தலைமையில் திருப்பூருக்கும் கோவைக்கும் நேரில் போய்த் தொழிலாளர்களிடமே கேட்டது. சம்பந்தமில்லாத வீடியோக்கள்தான் இப்படித் திரித்துப் பரப்பப்படுகின்றன என்று சொன்னது. பீகார்க்காரர்களுக்கு பீகார் அதிகாரியே வந்து பார்த்துச் சொன்னது, நம் காவல்துறை நூறு முறை சொன்னதைவிடப் பலன் தந்தது. இரண்டாவது, மார்ச் 7 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் எங்கள் மாவட்டத்துத் தென்கோடியில் காவல்கிணறில் கையுறை செய்யும் ஆலைக்குள் போய் வடமாநிலத் தொழிலாளர்களோடு பேசினார். அந்தப் படத்தை என் கடைக்கு வந்த பையன்கள் தங்கள் ஊருக்கு அனுப்பினார்கள். நானும் சிலருக்கு அனுப்பிக் கொடுத்தேன்.

பீகார் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரித்தபோது இன்னொன்று வெளிவந்தது. உடம்பில் கட்டுப்போட்டுக்கொண்டு, தமிழ்நாட்டில் எங்களை அடித்தார்கள் என்று இருவர் அழும் வீடியோ, பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் எடுக்கப்பட்டது. இதில் சிக்கியவர் மணீஷ் காஷ்யப் என்ற யூடியூபர். மார்ச் 18 அன்று மேற்கு சம்பாரணில் சரணடைந்தார். தமிழகத்துக்குக் கொண்டுவந்து, ஏப்ரலில் அவர்மேல் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைப் போட்டார்கள்.

இந்த இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. பொய் சொல்லி லட்சம் வீட்டில் அடுப்பை அணைத்தவருக்குத் தண்டனை வேண்டும். வழக்கு நடத்தி, சாட்சி வைத்து, ஊரறிய நிரூபித்துக் கொடுக்க வேண்டும். விசாரணையில்லாமல் அடைத்துவைக்கும் சட்டம் எதற்கு? உச்ச நீதிமன்றத்தின் அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட்டும் இவர்மேல் ஏன் அந்தச் சட்டம் என்று கேட்டார். மே மாதத்தில் அதே நீதிமன்றம் தமிழ்நாடு போன்ற அமைதியான மாநிலத்தில் கலக்கம் உண்டாக்கப் பார்ப்பதா என்று கண்டித்து அவர் மனுவைத் தள்ளியது. நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடுப்புக் காவலை ரத்து செய்தது. சிறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது பலருக்கு வீரராகிவிட்டார்.

2024 ஏப்ரலில் காஷ்யப் பா.ஜ.க.வில் சேர்ந்தார். பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோமே என்று தி.மு.க. நண்பர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்துச் சேர்ந்தது, முந்திய வருஷம் அந்தக் கட்சி சொல்லித்தான் செய்தார் என்பதற்குச் சாட்சி ஆகாது. அப்படிப் பார்த்தால் 2025இல் அவர் பா.ஜ.க.வை விட்டுப் பிரசாந்த் கிஷோரின் ஜன் சுராஜுக்குப் போனாரே, அதற்கு என்ன சொல்வது? அந்தக் கட்சியில் தேர்தலில் நின்று தோற்றார். ஆனால் உம்ராவ் ஒரு கட்சியின் பதவியில் இருந்துகொண்டு தன் பேரில் எழுதினார். அது எழுத்தில் இருக்கிறது. அந்தக் கட்சி அதற்குப் பொறுப்புச் சொல்லியே ஆக வேண்டும். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொன்னால் போதும். எல்லாவற்றையும் ஒரு சூத்திரதாரி ஆட்டினான் என்று சொல்லப் போனால், நாமும் அந்த வீடியோ போட்டவர்கள் வழிக்கே போய்விடுகிறோம்.

அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 2017 அக்டோபரில் ‘கியூ’ என்ற ஒற்றை எழுத்தில் ஒருவர், அரசு ரகசியமெல்லாம் தெரிந்தவர்போல, எழுதத் தொடங்கினார். குழந்தைகளை நாசம் செய்யும் கும்பலோடு டிரம்ப் ரகசியப் போர் நடத்துகிறார் என்று நம்பி லட்சக்கணக்கானோர் பின்னால் போனார்கள். 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்துக்குள் புகுந்தவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். அந்த ‘கியூ’ யார்? ரஷ்யா என்றார்கள், ராணுவம் என்றார்கள். 2022இல் சுவிட்சர்லாந்திலும் பிரான்சிலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் எழுத்து நடையை ஆராய்ந்து, தொடக்கத்தில் பால் பர்பர் என்ற தென்னாப்பிரிக்கர், பிறகு ரான் வாட்கின்ஸ் என்றன. இருவருமே மறுத்தார்கள். அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் பேச்சுவார்த்தை அற்றுப் போயிருந்தன.

பின்னால் யார் என்ற இந்தக் கேள்வி எங்கள் மாவட்டத்துக்குப் புதிதில்லை. கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரையில் மக்கள் உட்கார்ந்தபோது, 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் ஓர் அறிவியல் இதழுக்குக் கொடுத்த பேட்டியில், அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் பின்னால் இருப்பதாகச் சொன்னார். 2004இல் சுனாமி பார்த்தவர்கள் அவர்கள். 2011இல் புகுஷிமா வெடித்ததை டி.வி.யில் பார்த்தவர்கள். அந்தப் பயம் அவர்களுடைய சொந்தப் பயம். பின்னால் யார் என்று தேடியதில், முன்னால் உட்கார்ந்திருந்த மீனவப் பெண்கள் என்ன கேட்கிறார்கள் என்பது டெல்லியின் காதில் விழவே இல்லை.

2023இலும் அந்தப் பொய் ஏன் ஒட்டியது என்று யாரும் சரியாகக் கேட்கவில்லை. அதற்கு முந்திய பிப்ரவரியில் தமிழ் பேசும் ஓர் ஆள் ரயிலில் வடமாநிலத் தொழிலாளர்களைத் திட்டி அடிக்கும் வீடியோ வந்தது. அது உண்மை. ரயில்வே போலீஸ் அவரைக் கைது செய்தது. ஜனவரியில் திருப்பூரில் வடக்கத்தி ஆட்கள் தமிழர்களைத் துரத்துகிறார்கள் என்று ஒரு வீடியோவை நம் ஆட்கள் பரப்பினார்கள். விசாரித்தால் டீக்கடையில் சிகரெட் புகையில் தொடங்கிய தகராறு. 2022 மே மாதம் கோவையில் ஓர் அமைச்சர் பட்டமளிப்பு விழா மேடையிலேயே, இந்தி படித்தவர்கள் இங்கே பானிபூரி விற்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். அந்தப் பிள்ளைகளை ‘வடக்கன்’ என்று கேலி செய்யும் படங்களை என் தெருப் பையன்களே வாட்ஸ்ஆப்பில் வைத்திருந்தார்கள். இந்திக்காரர்கள் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தார்களா? போனில் எல்லாம் எல்லோருக்கும் போகிறது.

எங்கள் ஊரிலிருந்து வடக்கே போனவரும் உண்டு. சுவாமி சிவானந்தர் 1887இல் இந்தப் பத்தமடையில் பிறந்தவர். ரிஷிகேசத்துக்குப் போய், அங்கேயே ஆசிரமம் கட்டி, அங்கேயே வாழ்ந்து முடித்தார். இந்தி பேசும் ஊர் அவரைத் தன்னவராக வைத்துக்கொண்டது. எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிற டைல்ஸ்காரப் பையனைப் பார்க்கும்போது எனக்கு அது நினைவு வரும்.

2024 குடியரசு தினத்தில் ஆல்ட் நியூஸின் முகமது சுபைருக்குத் தமிழக அரசு கோட்டை அமீர் விருது கொடுத்தது. இந்தப் பொய்யை உடைத்ததற்காக. நல்ல காரியம். ஆனால் பேச்சு ஓயவில்லை. 2025 அக்டோபர் 30 அன்று பீகார் தேர்தல் பிரசாரத்தில், சாப்ராவில், தமிழ்நாட்டில் உழைக்கும் பீகார் மக்களை தி.மு.க.வினர் துன்புறுத்துகிறார்கள் என்று பிரதமர் மோடி பேசினார். ஸ்டாலின் கண்டித்தார். மறுபடியும் இரண்டு பக்கமும் விரல்.

மதுபனிப் பையன் இப்போது தனியாக வேலை பிடித்துச் செய்யும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். தமிழும் நன்றாக வந்துவிட்டது. மோடியின் அந்தப் பேச்சை எனக்குப் போட்டுக் காட்டியவனும் அவன்தான். "எந்த ஊர்ல, என்னைக்கு நடந்துச்சுன்னு அவரு சொன்னாராக்கா?" என்று கேட்டான். சொல்லவில்லை என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அம்மாவுக்குப் பணம் போடச் சொன்னான். நவம்பர் 11 அவன் ஊரில் வாக்குப்பதிவு. போய்ப் போட்டுவிட்டு வந்துவிட்டான். இப்போது சேரன்மகாதேவியில் ஒரு வீட்டுக்குத் தரை போட்டுக்கொண்டிருக்கிறான்.