உட்பகை

வன்னியில் ஒரு வீட்டு வாயிலில் வேப்பிலைக் கொத்துத் தொங்குமாயின், அதன் பொருளை எவரும் கேட்டறிய வேண்டுவதில்லை. உள்ளே ஒருவருக்கு அம்மாள் வருத்தம். அயலார் படலை கடவார். அம்மை தணிய வேண்டிக் கண்ணகியம்மனை வழிபட்ட நம் முன்னோர், நோயாளியைத் தனித்திருத்தும் ஒழுக்கத்தையும் அவ்வழிபாட்டோடு சேர்த்தே போற்றினர்.

கொப்புளிப்பான் ஆறித் தலைக்கு வார்த்ததும் நோய் போயிற்று என்போம். போயது நோயேயன்றி, அதனை விளைத்த வைரசு அன்று. அது நரம்புக் கணுக்களுள் ஒடுங்கிக் கிடந்து, பல்லாண்டு கழித்து உடற்காவல் தளர்ந்தவிடத்து அக்கியாய் எழும். வள்ளுவர் உட்பகைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் நிலையை எண்ணுந்தோறும் அத்தலைப்பே நம் நினைவில் எழுகின்றது.

இப்பொருளை வன்னியார் எண்ண வேண்டுவதற்குக் காரணம் உண்டு. 1990களில் வடமத்திய மாகாண உழவரிடையே புலப்பட்ட, காரணம் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளையும் பற்றியுள்ளது. நோய் முற்றியோர்க்கு எஞ்சும் வழிகள் இரண்டே: செயற்கை முறையால் குருதியைத் தூய்மை செய்தல், பிறர் ஈயும் சிறுநீரகத்தை ஏற்றல்.

1954ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரில் இச்சத்திரசிகிச்சை முதன்முதல் நிலைத்த வெற்றி பெற்றது. ஈந்தவரும் ஏற்றவரும் ஒருகரு இரட்டையர். ஆதலின் உடல் அவ்வுறுப்பை அயலென ஒதுக்கவில்லை. ஏனையோர்க்கோ தாய் தந்த சிறுநீரகமும் அயற்பொருளே. உடலின் காவற்படை அதனைப் பகையெனக் கொண்டு தாக்கும். அப்படையை அடக்கவே சைக்குளோசுப்போரின், தக்ரோலிமசு முதலிய மருந்துகள் தோன்றின. அவற்றை நாள் தவறாது உட்கொள்ளல் வேண்டும்.

ஈண்டுதான் இடர் தொடங்குகின்றது. விருந்தினனை உள்ளே விடுதற்பொருட்டுக் காவலரை உறங்கச் செய்தோம். அவ்வுறக்கத்தைக் கள்வனும் அறிந்துகொள்கின்றான். சைற்றோமெகலோ வைரசு நம்மிற் பெரும்பாலார் உடலில் இளமையிலேயே குடிபுகுந்து வாளாவிருப்பது. ஈந்தவரின் உறுப்போடு புதிதாய் வருதலும் உண்டு. சத்திரசிகிச்சையை அடுத்த மாதங்களில் அது கிளர்ந்து, காய்ச்சல், வயிற்றோட்டம், மூச்சுத்திணறல் எனப் பலவாறு வருத்தும். இதனைத் தடுக்கவும் தணிக்கவும் வல்கன்சிக்ளோவிர் என்னும் மருந்து உண்டு.

இதனினும் நுட்பமானது பி.கே. வைரசு. 1971இல் இலண்டனில் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவரின் சிறுநீரில் அதனைக் கண்டறிந்தோர், அவர்தம் பெயரின் முதலெழுத்துகளையே அதற்குப் பெயராக்கினர். அது சிறுநீரகத்தையே உறைவிடமாகக் கொண்டது. எழுந்தால், அரிதிற் பெற்ற அவ்வுறுப்பையே அரிக்கும். காய்ச்சலோ நோவோ தோன்றாது; இரத்தமும் சிறுநீரும் சோதித்தாலன்றிப் புலப்படாது. அதனை நேரே அழிக்கும் உறுதியான மருந்தும் இன்றுவரை இல்லை. காவலை அடக்கும் மருந்தைச் சற்றுக் குறைத்து, உடலே அதனை வெல்ல விடுதலே வழி. மிகக் குறைத்தாலோ உடல் சிறுநீரகத்தைத் தாக்கும். மருத்துவர் இருதலைக்கொள்ளி எறும்பென நின்று அளவு காண்கின்றார்.

ஆதலின், நலமாயிருக்கிறேன் என்று எண்ணிக் கிளினிக் நாளைத் தவறவிடுதல் தகாது. பேருந்துச் செலவும் ஒருநாட் கூலியும் பெரியனவே. இழக்க நேரும் உறுப்பு அவற்றினும் பெரிது. மருந்தின் அளவைத் தாமே கூட்டலும் குறைத்தலும் ஆகா. காய்ச்சல் கண்டால் பனடோல் விழுங்கிக் காத்திராது உடனே வைத்தியரிடம் செல்லல் வேண்டும். கொப்புளிப்பான், சின்னமுத்து ஆகியவற்றுக்குரிய உயிருள்ள தடுப்பூசிகள் மாற்றுக்குப்பின் பொதுவாக இடப்படா. வேண்டுவனவற்றை முன்னரே வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

எஞ்சியது ஊராரின் கடமை. அத்தகையார் ஒருவர் செத்த வீட்டுக்கு வந்து படலையிலேயே நின்று திரும்பினும், திருவிழாக் கூட்டத்தை ஒதுக்கினும், அதனைச் செருக்கென்று பழித்தல் கூடாது. சளியும் காய்ச்சலும் உடையோர் அவர் வீட்டுக்குச் செல்லாதிருத்தலே அன்பு. அவ்வீட்டு வாயிலில் வேப்பிலை தொங்குவதில்லை. தொங்குவதாகவே எண்ணி ஒழுகுவோமாக.