வெட்ஜ் வாங்கப் போறீங்களா? முதல்ல ஸ்விங்வெயிட்டைப் பாருங்க!

கோப்பெங்கில் கோல்ஃப் பழகுபவரா நீங்கள்? பழைய ஈயச் சுரங்க நிலத்தில் அமைந்த பத்து காஜா கிளியர்வாட்டர் சாங்சுவரி மைதானம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பங்கர் மணலில் பந்து சிக்கினால், கைகொடுப்பது வெட்ஜ்தான். அதன் தலை உங்கள் கைக்குப் பொருந்தணும்.

ஸ்விங்வெயிட் என்றால் என்ன?

அது மட்டையின் மொத்த எடை இல்லை. கைப்பிடி நுனியிலிருந்து 14 அங்குலத்தில் மட்டையைத் தாங்கிப் பிடித்தால், தலைப்பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதன் அளவு. டி2-ஐவிட டி5-இல் தலை கனமாகத் தெரியும்.

எது சரி?

ஆண்களுக்கான அயர்ன் மட்டைகள் பெரும்பாலும் டி0 முதல் டி2 வரை வரும். சேண்ட் வெட்ஜ் அதைவிட 2 முதல் 4 புள்ளி கூடுதலாக இருப்பது வழக்கம். மெதுவாக வீசும்போது தலை எங்கே இருக்குன்னு கைக்குத் தெரியணும். மணலிலும் அது தடைபடக் கூடாது. முழு வீச்சில் அடிக்கும் பிட்சிங் வெட்ஜ் உங்கள் அயர்ன் மட்டைகளை ஒட்டியே இருக்கட்டும்.

காசு செலவழிக்கும் முன்

பழைய வெட்ஜின் பின்புறம் 2 கிராம் லெட் டேப் ஒட்டுங்க. சுமார் 1 புள்ளி ஏறும். கிரிப்பின் எடை 4, 5 கிராம் கூடினால் 1 புள்ளி இறங்கும். கனமான கிரிப் மாற்றியதும் தலை லேசாகத் தெரிய இதுதான் காரணம். மட்டையை அரை அங்குலம் வெட்டினால் சுமார் 3 புள்ளி குறையும்.

சில நாள் அடிச்சுப் பாருங்க. பந்து ஒரே தூரத்தில் விழ ஆரம்பித்தால், அந்த எண்ணைச் சொல்லியே கடையில் கேளுங்க.