400 இரும்புத் துண்டுகள் தள்ளித்தான் மலை ஏறுகிறோம், தெரியுமா?

அவிசாவளையில் புறப்படும் ஒரு பழைய யப்பான் கார் கித்துள்கலை, கினிகத்தேனை, வட்டவளை என்று வளைந்து வளைந்து ஏறி, ஹட்டனையும் நோர்வூட்டையும் தாண்டி, 4,000 அடியை ஒட்டிய பொகவந்தலாவை டவுனில் வந்து நிற்கிறது. இவ்வளவு தூரத்துக்கும் அது எத்தனை தடவை கியர் மாற்றியிருக்கும்? நூறு? இருநூறு? ஒரு தடவைகூட இல்லை! ஓட்டியவரும் மாற்றவில்லை, காரும் மாற்றவில்லை. மாற்றுவதற்கு உள்ளே முதலாம் கியர், இரண்டாம் கியர் என்று எதுவும் இருந்தால்தானே! ரிவேர்ஸுக்கென்று சில பற்சக்கரங்கள் உண்டு, அதை விடுங்கள். நாம் 'ஒட்டோ கியர்' என்று சொல்லும் அந்தப் பெட்டிக்குள் மலையேற்றும் வேலையைப் பார்ப்பது இரண்டு கப்பியும் ஒரு பெல்ட்டும். சிவிடி என்று பெயர்.

கப்பி என்றதும் கிணற்றுக் கப்பியை நினைக்காதீர்கள். இரண்டு கூம்புகள் எதிரெதிரே நிற்க, நடுவில் 'வி' வடிவப் பள்ளம். கூம்புகள் நெருங்கினால் பெல்ட் விளிம்புக்கு ஏறும், விலகினால் அச்சுப் பக்கம் இறங்கும். ஒரு கப்பியில் ஏறினால் மற்றதில் இறங்கியாக வேண்டும். கினிகத்தேனை ஏற்றத்தில் என்ஜின் பக்கம் சின்ன வட்டம், சக்கரப் பக்கம் பெரிய வட்டம். சமதரையில் அப்படியே தலைகீழ். நடுவில் எத்தனை கியர் என்று கேட்டால் எண்ணி முடியாது!

தோட்டத்துக்காரர்களுக்கு பெல்ட் ஒன்றும் புதிதல்ல. தேயிலைத் தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்றுதானே சொல்கிறோம். பழைய ஸ்டோர்களில் கூரைக்குக் கீழே நீளமாக ஓர் இரும்புத் தண்டு சுழலும், அதிலிருந்து அகலமான பெல்ட்டுகள் இறங்கி ரோலர்களைச் சுழற்றும். அந்த பெல்ட்டில் ஒயில் பட்டதோ, வழுக்கியது. காரின் பெல்ட்டோ பிறந்த நாளிலிருந்து ஒயிலிலேயே குளிக்கிறது! அங்கே ஒயில் பட்டால் வழுக்கும். இங்கே ஒயில் கெட்டால் வழுக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கயிற்றை இழுக்கலாம், தள்ள முடியுமா? இந்த பெல்ட் தள்ளுகிறது! ஏறத்தாழ 400 உருக்குத் துண்டுகள், ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டரை ஒட்டிய தடிப்பு. அவற்றைக் கோத்துப் பிடிப்பவை பிளேடுபோல மெல்லிய வளையங்கள், அடுக்கடுக்காக இரண்டு கட்டு. என்ஜின் கப்பி துண்டை நெருக்க, அது முன்னால் உள்ளதைத் தள்ள, அது அடுத்ததைத் தள்ள… ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ரயில் ஏறும்போது பின்னால் இன்னோர் என்ஜின் பூட்டித் தள்ளுவார்களே, அந்தக் கதைதான்.

இதற்குத் தாய்வீடு நெதர்லாந்து. ஐந்தோவன் நகரின் டாஃப் கம்பனி 1958இல் டாஃப் 600 என்ற சின்னக் காரைக் காட்சிக்கு வைத்தது. ஹுப் வான் டூர்ன் செய்த அந்தப் பெட்டியில் இருந்தது ரப்பர் பெல்ட். முன்னால் ஓடும் அதே வேகத்தில் பின்னாலும் ஓடும்! விடுவார்களா? பின்பக்கமாகவே கார் ஓட்டும் பந்தயம் நடத்தித் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். உருக்கு பெல்ட் 1987இல் சுபாரு ஜஸ்டி காரில் வந்தது. அதற்கெல்லாம் முன்பே, முதலாம் உலகப் போருக்கும் முந்திய இங்கிலாந்தில், கப்பியை விரித்துச் சுருக்கி ஓடிய ஸெனித் மோட்டார் சைக்கிள் மலையேற்றப் போட்டிகளில் மற்றவர்களை ஓட ஓட விரட்டியது. போட்டிகளில் தடை போட்டார்கள். கம்பனி அசரவில்லை, 'தடை செய்யப்பட்டது' என்ற சொல்லையே விளம்பரமாக்கிக்கொண்டது! 1993இல் வில்லியம்ஸ் அணி ஃபார்முலா 1 காரில் சிவிடியைப் பூட்டிச் சோதித்துப் பார்த்தது. 1994க்கான விதிகள் அதற்கும் கதவை அடைத்தன. இரண்டு தடவை தடை வாங்கிய பொருள் இன்று பாடசாலைக்குப் பிள்ளை ஏற்றுகிறது.

உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கலாம். ஸ்கூட்டி இருக்கிறதா? அதற்குள் ரப்பர் பெல்ட் சிவிடிதான்! கார் என்றால் கொஞ்சம் கவனம். 2010இல் வந்த ஃபிட் ஹைபிரிட்டில் பெல்ட் உண்டு. 2013இல் வந்த அடுத்த ஃபிட் ஹைபிரிட்டில் பெல்ட்டே இல்லை, இரட்டை கிளட்ச் கியர்பொக்ஸ். பிரியஸ், அக்வா? சிவிடி என்று பெயர்தான், உள்ளே பற்சக்கரம். ஆகவே 'எல்லா ஒட்டோவுக்கும் ஒரே ஒயில்தான்' என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சாதாரண ஒட்டோ ஒயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கி, கப்பியின் முகத்தில் கீறல் விழும். விழுந்த கீறல் ஆறாது.

2020 மார்ச்சில் இலங்கை நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். ஐந்து வருடம்! அதனால்தான் பத்து, பதினைந்து வயதான சிவிடிகள் இன்னும் இந்த ஏற்றத்தில் மூச்சு வாங்குகின்றன. போன மாதம் மச்சானின் காரோடு நானும் கராஜுக்குப் போயிருந்தேன். பாஸ் அடித்தட்டைக் கழற்றினார். தட்டின் மூலையில் பொத்தான் அளவு காந்தம், அதன்மேல் சாம்பல் நிறக் களிம்பு. விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். "மாவுதான் அண்ணே, தேஞ்ச தூளு. செதில் செதிலா மின்னிச்சின்னா பெட்டிய மாத்தணும்." அந்தக் காந்தத்தைத் துடைத்து மாட்டி, ஃபில்டர் மாற்றி, கம்பனி சொல்லும் அதே ஒயிலை ஊற்றினார். அளவு பார்ப்பதில்தான் கூத்து. பல கார்களில் டிப் ஸ்டிக் கிடையாது. ஒயில் 40 பாகை செல்சியசை ஒட்டிச் சூடாகி, கார் மட்டமாக நிற்கும்போது, வழியும் துளையில் பார்க்க வேண்டும். பொகவந்தலாவையில் மட்டமான இடம் தேடி அலைந்ததை மச்சான் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். 40,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஒயில் மாற்றச் சொல்கிறார் பாஸ். மலை ரோட்டில் சூடு அதிகம், அதற்கு முந்தினாலும் தப்பில்லை.

பெட்டியையே மாற்ற வேண்டி வந்தால்? கொழும்பு பஞ்சிகாவத்தையில் யப்பானிலிருந்து வந்த பழைய பெட்டிகள் கிடைக்கும். பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்காதவர் இல்லை. தேய்ந்த கப்பியில் புது பெல்ட் போடுவது வழுக்கைப் பாறையில் புதுச் செருப்பு மாதிரி. பெட்டியின் இலக்கம் காரோடு பொருந்த வேண்டும். ஒயில் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவ வேண்டும். கழற்றிய பெட்டியின் இரும்புத் தூள் அங்கேதான் ஒளிந்திருந்து புதியதைக் கொல்லும். என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே டோர்க் கொன்வேட்டர் உள்ள கார் என்றால், அது 'டொக்' 'டொக்' என்று படிப்படியாக உள்ளே இறங்கி உட்கார்ந்ததை அளந்து பார்க்காமல் போல்ட்டை முறுக்கினால், முதல் ஸ்டார்ட்டிலேயே ஒயில் பம்ப் உடையும்! கடைசியில் ஸ்கேனர் பூட்டி, புதுப் பெட்டியின் அளவுகளை கம்பியூட்டருக்குப் படித்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல பெட்டியும் உதறும்.

இறக்கத்தில் 'டி'யிலேயே விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். 'எல்' அல்லது 'எஸ்' போட்டால் என்ஜினே பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, இதற்காகவே இவ்வளவும் எழுதினேன்: வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். என்ஜின் ஓடாதபோது ஒயில் பம்பும் ஓடாது. சக்கரம் உருள உருள உள்ளே காய்ந்த இரும்போடு இரும்பு உரசும். என்ஜின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கி ஏற்றும் வண்டியாகப் பார்த்து அழையுங்கள். இன்றே கார் லாச்சியைத் திறந்து கடைசி ஒயில் பில்லைத் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் சனிக்கிழமை பாஸைப் பார்த்துவிடுங்கள்.