மெல்லிய விரலும் கனத்த கையும்

ஆர்மோனியத்தில் பழகிய கைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் அதன் ஒலியிலே வேற்றுமை தோன்றுவதில்லை. ஓசையைப் பெருக்குவதும் சுருக்குவதும் துருத்தியை இயக்கும் மற்றக் கையின் வேலை. ஆகவே வாசிக்கும் விரல்கள், கட்டையை அடிவரை அமிழ்த்திவிட்டாற் கடமை முடிந்தது என்று எண்ணியே வளர்கின்றன. என் விரல்களும் அவ்வாறு வளர்ந்தவையே. கணினியுடன் இணைக்கும் 'மிடி' விசைப்பலகையொன்றை வாங்கிய பின்னர்தான் அந்தப் பிடிவாதம் எனக்குப் புலனாயிற்று. அதுவும் தானாகப் புலனாகவில்லை. என்னிடம் பயின்ற மாணவி ஒருத்திக்கு நான் இழைத்த அநீதியின் வாயிலாகவே புலனாயிற்று.

இந்தப் பலகை தானாக ஓர் ஒலியும் எழுப்பாது. எந்தக் கட்டை தொடப்பட்டது, எவ்வளவு விசையுடன் தொடப்பட்டது என்ற செய்தியை எண்களாக்கிக் கணினிக்கு அனுப்புவதே இதன் தொழில். வெவ்வேறு கம்பனிகளின் வாத்தியங்கள் ஒன்றோடொன்று உறவாடுவதற்கான இப்பொதுமொழி 1983ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அமெரிக்கரான டேவ் சிமித், யப்பானிலே றோலண்ட் கம்பனியை நிறுவிய ககெஹாஷி ஆகிய இருவரும் இதற்கு முன்னின்று உழைத்தவர்கள். விசையைக் குறிப்பதற்கு இம்மொழி வைத்திருப்பவை 0 முதல் 127 வரையான எண்கள். அவற்றுள் 0 என்பது ஓசையை நிறுத்துவதற்கு உரியது. ஆக, விரலின் மென்மை வன்மை அனைத்தும் 127 படிகளுக்குள் அடங்கவேண்டும். 2020இல் அறிமுகமான இரண்டாம் மிடி இதனை 65,536 படிகளாக விரித்திருக்கிறது. எனது பலகை பழைய மொழியையே பேசுகிறது.

அழுத்தம், அழுத்தம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையிற் பலகை அளப்பது அழுத்தத்தையன்று, நேரத்தை. கட்டை ஒவ்வொன்றின் கீழும் இரண்டு தொடுமுனைகள் இருக்கின்றன. கட்டை இறங்கும்போது ஒன்று முந்திப் பொருந்தும். மற்றது பிந்திப் பொருந்தும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கணம் குறுகினால் எண் பெரிது; நீண்டால் எண் சிறிது. கைநூலில் இதற்கு 'வெலோசிற்றி' என்று பெயர்; வேகம் என்பதே பொருள். இது பொருத்தமான அளவையே. 1700ஆம் ஆண்டளவில் புளோரன்ஸ் நகரிலே கிறிஸ்தோபோரி என்பவர் ஆக்கிய பியானோவிலும், கட்டை எறிந்த சுத்தியல் கம்பியை என்ன வேகத்தில் அடிக்கிறதோ அதுவே ஓசையைத் தீர்மானிக்கிறது. அடித்த பின்னர் கட்டையை எவ்வளவு அமுக்கினாலும் பயனில்லை.

பலகை வந்த முதல் நாள், நான் தொட்டதெல்லாம் அலறிற்று. கைநூலைப் புரட்டியபோது, தொடுகைக்கான 'வளைவுகள்' சில தரப்பட்டிருந்தன. கனத்த கைக்குரியதைத் தெரிந்தேன். அலறல் அடங்கியது. என் வாசிப்பிலே ஏற்ற இறக்கம் தோன்றியதாகவும் பட்டது. மகிழ்ந்துபோய் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அம்மாணவி வாசித்தாலோ, பியானோ எங்கோ அடுத்த அறையிலே போர்வைக்குள்ளிருந்து முனகுவதுபோல் இருந்தது. "உன் விரலில் உயிரில்லைப் பிள்ளை" என்று நான் சொல்லிவந்தது நாலைந்து மாதங்கள். அவள் மறுத்துப் பேசியதில்லை. விரல் வலுவுறுவதற்கென்று நான் கொடுத்த பயிற்சிகளையெல்லாம் செய்தாள். வலு வரவில்லை, நோவுதான் வந்தது.

ஒருநாள், வரும் எண்களைக் கணினித் திரையிற் காணலாம் என்று கண்டுபிடித்தவள் அவளே. தாலாட்டு மெட்டொன்றை வாசித்துவிட்டு, என்னையும் வாசிக்கச் சொன்னாள். திரையைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "சேர், என்ரை இலக்கம் 5க்கும் 28க்கும் இடையிலை நிக்குது. உங்கடை 95க்குக் கீழை இறங்கவே இல்லை. இது தாலாட்டு எல்லோ?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னர் வரவில்லை.

வளைவு என்பது யாதெனில், விரல் கொடுத்த எண்ணை வாங்கி வேறோர் எண்ணாக மாற்றித் தரும் கணக்கு. நேர்கோடாயின் கொடுத்ததே வெளிவரும். நான் தெரிந்திருந்ததோ நடுவிலே தொய்ந்த வளைவு. கீழ்ப்பகுதியில் ஏறக்குறையத் தட்டை, மேற்பகுதியிற் செங்குத்து. மெல்லத் தொடுபவரின் வேற்றுமைகளை அது நசுக்கும். ஓங்கி அடிப்பவரின் சிறு வேற்றுமைகளையும் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். நேர்கோட்டுக்கு மாற்றி அதே மெட்டை இருவரும் மறுபடி வாசித்தோம். அவள் எண்கள் 25 முதல் 60 வரை, ஒவ்வோரடியிலும் ஒழுங்காக ஏறி இறங்கின. என் எண்கள் 110க்கும் 127க்கும் இடையில் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு நின்றன. ஏற்ற இறக்கம் உள்ளதாக நான் எண்ணி மகிழ்ந்தது வளைவு செய்த முகமன். உயிரில்லை என்று நான் பழித்தது வளைவு செய்த கொலை.

அவளுக்கென்று மேல்நோக்கி வளைந்த வளைவொன்றைத் தெரிந்தோம். இங்கே ஒரு தொல்லை: 'மென்மை' என்று பெயரிட்ட வளைவு மென்மையாக வாசிப்பவருக்கு உதவுவதா, ஒலியை மென்மையாக்குவதா என்பது கம்பனிக்குக் கம்பனி மாறுகிறது. பெயரை நம்பாது எண்ணைப் பார்ப்பதே வழி. கணினியிலுள்ள பியானோவுக்கும் தனி வளைவு ஒன்று உண்டு. இரண்டையும் ஒருங்கே திருத்தினால் எது எதைக் கெடுத்தது என்று அறியமுடியாது. அதை நேராக விட்டுப் பலகையில் மட்டும் கைவைத்தோம். சோதிப்பதற்காக வாசிக்கும் கை இயல்பான கையன்று என்பதையும் கண்டோம். ஒரு முழு மெட்டு வாசித்து, தன்னை மறந்த இடத்தில் விழுந்த எண்களையே அவள் கணக்கிற் கொண்டாள்.

கட்டை அடிவரை சென்றபின் மேலும் அமுக்கினால் அதையும் உணரும் பலகைகள் உண்டு. 'ஆஃப்டர் டச்' என்பர், பின்னழுத்தம் எனலாம். இதுதான் மெய்யான அழுத்தம். அதைக்கொண்டு சுரத்தை அசைக்கலாம், வளைக்கலாம். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, அதிலே கமகம் வராது என்பது. பின்னழுத்தம் அக்குறையைத் தீர்க்கும் என்று கூறத் துணியேன். வீணைக் கம்பியை இழுக்கும் விரல் வேறு. பெரும்பாலான பலகைகளில் எல்லாக் கட்டைகளுக்கும் பொதுவாக ஒரே உணரியே இருப்பதால், ஒரு சுரத்தை அசைத்தால் உடன் ஒலிக்கும் அனைத்தும் அசையும். என் கைக்கு அது இன்னும் ஆபத்து: விரல் எப்போதும் அடியிலேயே அழுந்திக் கிடப்பதனால், தொட்டதெல்லாம் நடுங்கிற்று. அது விழித்தெழவேண்டிய எல்லையை உயர்த்தி வைத்தேன்.

பலகையில் வளைவுகளைச் சேமிக்க இடம் உண்டு. முதலாவதில் என்னுடையது, இரண்டாவதில் அவளுடையது. அவள் இல்லாத வேளைகளில் நான் இரண்டாவதிலேயே வாசித்துப் பழகுகிறேன். விரல்கள் முரண்டு பிடிக்கின்றன. திரையில் 127, 127 என்றே வரிசை வரிசையாக ஏறுகிறது. நேற்று மாலை, அதே தாலாட்டில், ஒரு சுரம் மட்டும் 96இல் விழுந்தது.