எந்தப் பாடத்தை எடுப்பது?

ஒன்பதாந் தரத்தைக் கடந்து பத்தாந் தரத்திலே காலடி வைக்கும் பிள்ளைக்கு ஒரு சுதந்திரம் கிடைக்கின்றது. அதுவரை வகுத்துக் கொடுத்த பாடங்களையே படித்து வந்த பிள்ளை, அப்பொழுது சில பாடங்களைத் தானே தெரிந்தெடுக்கலாம். அந்தச் சுதந்திரத்தை நம் மலைநாட்டுப் பிள்ளைகள் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதைச் சிறிது சிந்திப்போம்.

சில காலத்துக்கு முன், அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு தொழிலாளி தம் மகளை அழைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். "ஐயா, புள்ள பத்தாம் ஆண்டுக்குப் போகுது. லேசாப் புள்ளி எடுக்கக்கூடிய பாடமாப் பார்த்துச் சொல்லுங்க" என்றார். மகளோ, "என் கூட்டாளிகள் எல்லாரும் வணிகம் எடுக்கிறாங்க சேர்" என்றாள். பாடத்தினுள்ளே என்ன இருக்கின்றது என்று இருவரும் கேட்கவில்லை. அது அவர்கள் குற்றமன்று. எடுத்துச் சொல்ல வேண்டிய ஆசிரியர்களாகிய நாம் சொல்லாதிருந்ததே குற்றம்.

க.பொ.த. சாதாரண தரத்திலே சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாய பாடங்களாம். எஞ்சிய மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து தொகுதிக்கு ஒன்றாக எடுத்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் வரலாறு, புவியியல், குடியியல் ஆகியவற்றை ஒன்றுசேர்த்துச் 'சமூகக் கல்வி' என எல்லோருக்கும் பொதுவாக்கிற்று. இன்றோ அவை பிரிந்து நிற்கின்றன. வரலாறு கட்டாயமாயிற்று. புவியியலும் குடியுரிமைக் கல்வியும், வணிகம், இரண்டாம் மொழிச் சிங்களம் முதலியவற்றோடு முதலாந் தொகுதிக்குள் அடங்கின. ஒன்றை எடுப்பவர் மற்றவற்றை விட்டேயாக வேண்டும்.

குடியுரிமைக் கல்வியை "மனனம் பண்ணும் பாடம்" என்று இகழ்வோர் உளர். தோட்டத்துப் பிள்ளைக்கு அது அவ்வாறாகுமா? 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய நம் முன்னோர், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆயினர்; வாக்கையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. 2003ஆம் ஆண்டிலேதான் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறிற்று. 'பிரஜை என்பவர் யார்?' என்னும் வினா பிறருக்குப் பரீட்சை வினாவாக இருக்கலாம். நமக்கோ அது வீட்டுக் கதை.

புவியியலும் அவ்வாறே. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தின் லயன்களை மண் மூடியதை நாம் மறக்கவியலாது. அபாயம் உண்டென்று அதற்கு முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம் அது. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயலின்போதும் மலைநாட்டுச் சரிவுகள் பல உயிர்களைக் கொண்டு சென்றன. நிலத்திலே புதிதாக வெடிப்புத் தோன்றுதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் ஆகியன மண்சரிவின் முன்னறிகுறிகள். இவற்றை அறிந்த பிள்ளை ஒரு லயத்தையே காப்பாற்றக் கூடும்.

ஆயினும் ஏனைய பாடங்களைத் தாழ்த்துவது எமது நோக்கமன்று. காரியாலயத்திலும் வைத்தியசாலையிலும் தம் காரியத்தைத் தாமே சொல்ல மாட்டாமல் தயங்கி நிற்கும் பெற்றோருக்கு, சிங்களம் கற்ற பிள்ளை பெருந்துணை. கணக்கியலாளராக விரும்புபவருக்கு வணிகம் நல்ல அத்திவாரம். நாம் வேண்டுவது இதுதான்: அறிந்து தெரிந்தெடுங்கள். அரசாங்கம் இலவசமாக வழங்கும் பாடநூல்களை மூத்த மாணவரிடம் இரவல் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஓர் அத்தியாயத்தையாவது வாசியுங்கள். அப்பாடத்தைக் கற்பிக்கப் பாடசாலையிலே ஆசிரியர் இருக்கின்றாரா என்று விசாரியுங்கள். உயர்தரத்திலே எத்துறையில் சேர விருப்பம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். விட்டுவிட்ட பாடத்தின் நூலை வீட்டிலே வாசிப்பதை எவரும் தடுக்கப் போவதில்லை. அதிபர்களும் நேரசூசியின் வசதிக்காக மாணவரின் விருப்பத்தைப் பலியிடாதிருத்தல் வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நான்கு பாடநூல்களைக் கொடுத்து அனுப்பினோம். இரு வாரங்களின் பின் தந்தையோடு மீண்டும் வந்தாள். "அம்மாயி தகரப்பெட்டியிலே ஒரு பத்திரத்தைத் துணியிலே சுற்றி வைச்சிருக்காங்க சேர். தொடவே விட மாட்டாங்க. அது பிரஜாவுரிமைப் பத்திரம்னு இப்பத்தான் விளங்கிச்சு. நான் குடியுரிமைக் கல்வியே எடுக்கிறேன்" என்றாள்.

தந்தையார் மாத்திரம், "புள்ளி வருமா ஐயா?" என்று மறுபடியும் கேட்டார்.

"விளங்கிப் படித்தால் வரும்" என்றோம்.