தானே அவிழும் கட்டு

சந்திரகிரிக் கோட்டையின் அருகே எனக்குப் பழக்கமான கொத்தனார் ஒருவர், ஸ்ரீவாரி மெட்டுப் படிகளில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்து, எலும்பு கூடிய பின் மறுபடியும் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டு எடுத்த எஃகுத் தகட்டையும் ஆறு திருகாணிகளையும் ஹார்லிக்ஸ் புட்டியில் போட்டு வைத்திருக்கிறார். "வைக்க ஒரு தடவை, எடுக்க ஒரு தடவை, இரண்டு தடவையும் கூலி போயிற்று, சாமி" என்று சொல்லி அவர் அந்தப் புட்டியை ஆட்டிக் காட்டினார்.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கட்டு என்றால் புத்தூர்க் கட்டுதான். மூங்கில் சிம்பு வைத்து, பச்சிலைச் சாறும் முட்டையின் வெள்ளைக் கருவும் தோய்ந்த துணியால் சுற்றும் அந்தக் கட்டு, எலும்பு கூடியதும் கத்தி படாமலே அவிழ்க்கப்பட்டுவிடுகிறது. சதைக்குள் வைக்கும் கட்டும் கத்தி படாமல் தானாகக் கரைந்து அவிழுமானால், கொத்தனாருக்கு இரண்டாவது தடவை ஏது?

இந்த ஆசை புதிதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, பெல்ஜியம் தேசத்து ரண வைத்தியர் லாம்போத், பதினேழு வயதுப் பிள்ளையின் முறிந்த காலில் சுத்த மக்னீசியத் தகட்டைப் பொன்முலாம் பூசிய எஃகு ஆணிகளால் பொருத்தினார். எட்டே நாளில் தகடு சிதைந்து, தோலுக்கடியில் வாயு திரண்டு வீங்கிற்று. காரணம் எளிது. மக்னீசியம் நீரோடு கலந்தால் ஜலவாயு, அதாவது ஹைட்ரஜன், பிறக்கும்; ஒரு கிராம் உலோகம் ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயுவைத் தரும். உலோகத்தின் மேல் படியும் காப்புப் படலத்தை ரத்தத்திலுள்ள உப்பு அரித்துவிடுகிறது. போதாக்குறைக்கு, எஃகைத் தொட்டுக்கொண்டிருக்கும் மக்னீசியம் இன்னும் வேகமாகக் கரையும்.

ஆயினும் அந்த உலோகத்தைக் கைவிட மனம் வராததற்கும் நியாயம் உண்டு. நம் தேகத்திலேயே சுமார் 25 கிராம் மக்னீசியம் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் எலும்பில். எஃகின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல், டைட்டானியத்தினுடையது 110. மக்னீசியத்தினுடையதோ 45க்குள் அடங்கி, எலும்பின் விறைப்பை நெருங்கி நிற்கிறது. தகடு மிகவும் விறைப்பாக இருந்து சுமையெல்லாம் தானே தாங்கிக்கொண்டால், அடியிலுள்ள எலும்பு வேலையற்று மெலிந்துபோகும் அல்லவா?

ஆகவே கரையும் வேகத்தை அடக்குவதே முழுப் பிரயத்தனமும் ஆயிற்று. இட்ரியம், சிர்கோனியம் முதலியவற்றைச் சேர்த்து ஜெர்மானியர் செய்த திருகாணி 2013-ல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. கால்சியமும் துத்தநாகமும் கலந்த கொரியத் திருகாணி 2015-ல் அந்நாட்டு அனுமதி பெற்றது. இவை பெரும்பாலும் பாதம், மணிக்கட்டு போன்ற சிற்றெலும்புகளுக்கே. தொடை எலும்பு முறிந்தவருக்கு இன்னும் எஃகும் டைட்டானியமுமே துணை.

நம் நாட்டில், ஹைதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. ஆராய்ச்சி நிலையமும் திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையமும் சேர்ந்து, மெதுவாகவே கரையும் இரும்போடு மாங்கனீசைக் கலந்து இதே இலக்கை வேறு வழியில் நாடியிருக்கின்றன. வழி எதுவாயினும், தானே கரையும் திருகாணி முதலில் போய்ச் சேர வேண்டிய இடம், திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பிர்ட் போன்ற எலும்பு ஆஸ்பத்திரிகளின் ஏழை நோயாளிகளுடைய வார்டுதான். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் அந்த வார்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.